வலம் என்று பெயர் வைத்தேன்

பெயர் வைத்தது நான்தான். அதனால் யாரையும் திட்ட எனக்கு வாயில்லை. இருந்தாலும் திட்டினேன்.

மொத்தம் எட்டுப் படங்கள். மலையைச் சுற்றிப் போகிற பாதையில் எட்டு இடங்களில் நின்று பார்த்தால் மலை எப்படித் தெரியுமோ அப்படி வரைந்தது. முதல் படம் தேரடி வீதியில் ஒரு பாத்திரக் கடை வாசலிலிருந்து. கடைசிப் படம் சுற்றி முடித்து மறுபடி ஊருக்குள் நுழைகிற இடத்தில், நிற்கிற பஸ்களுக்குப் பின்னால். எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்று முன்னால் மறைத்துக்கொண்டு நிற்கும். டீக்கடை, டிரான்ஸ்பார்மர், கட்டி முடிக்காத லாட்ஜ். மலை அதற்குப் பின்னால் கொஞ்சம் தெரியும். இங்கே குடியிருக்கிறவர்களுக்கு மலை அப்படித்தான் தெரியும். முழு மலையும் தெரிய வேண்டுமென்றால் காலண்டர் வாங்கிக்கொள்ளலாம்.

நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவள். அதாவது, பரீட்சை நெருங்கினால் என் பீரியடைக் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டு போவார், நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஸ்கேல் இல்லாமல் கோடு போட்டுப் பழகுவேன். என் வீட்டுக்காரர் கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். பௌர்ணமி என்றால் லாட்ஜில் மூச்சு விட இடமிருக்காது. ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம் சாவிக்கொத்தை ரூம் பையனிடம் கொடுத்துவிட்டு மலை சுற்றக் கிளம்பிவிடுவார். மழையா, காய்ச்சலா, முதலாளி வந்திருக்கிறாரா, ஒன்றும் பார்க்க மாட்டார். நான் கூடப் போனதில்லை. எனக்கு முட்டி வலி.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி, மாத்திரை, பிசியோதெரபி என்று அலைந்து ஒருவழியாகக் கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கிற அளவுக்கு வந்தார். நான் வேலையை விட்டுவிட்டேன். அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. தாண்ட முடியாமல் இல்லை, டாக்டரே வெளியே நடக்கச் சொன்னார். இவர் மாட்டேன் என்றார்.

"தெருவுல போனா பாக்கிறவன் எல்லாம் த்சொ த்சொங்கிறான். நான் என்ன கண்காட்சியா?"

ஆட்டோவிலாவது ஒரு தடவை மலையைச் சுற்றிவிட்டு வரலாம் என்று கேட்டேன்.

"ஆட்டோவுல சுத்துறதுக்குப் பேரு சுத்துறதா? வெளியூர்க்காரன் பண்ற வேலை அது. அதுக்கு சும்மா இருக்கலாம்."

சும்மா இருந்தார். ஒரு வருஷம் போய், இரண்டாவது வருஷமும் போனது. சட்டை போடுவதையே விட்டுவிட்டார். பனியனும் லுங்கியுமாக நாள் முழுக்க ஹாலில் உட்கார்ந்து, குக்கர் விசில் ஜாஸ்தி என்பார், உப்பு கம்மி என்பார், வெளியே யார் பேசுகிறார்கள் என்று கேட்பார். எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இந்தப் படங்களை நான் அவருக்காக வரைந்தேன் என்று பின்னால் ஒரு புத்தகத்தில் அச்சடித்துவிட்டார்கள். அதெல்லாம் கிடையாது. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். காலையில் இட்லி ஊற்றி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் எங்கேயாவது இறங்கிக்கொள்வேன். அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை பெஞ்சு எனக்குத் தோதாக இருந்தது. நோட்டில் கோடு போட்டுக்கொண்டு வந்து, வீட்டில் கேன்வாஸில் ஏற்றுவேன். காயட்டும் என்று ஹாலில் ஆணி அடித்து மாட்டினேன். ஒரு சுவருக்கு இரண்டாக நாலு சுவரும் நிறைந்துவிட்டது.

அவருக்கு லாட்ஜில் ஒரு சுற்றுகிற நாற்காலி இருந்தது. வேலையிலிருந்து நின்றபோது முதலாளி அதைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதில்தான் நடு ஹாலில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நான் கடைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், வலது காலால் தரையைத் தள்ளித் தள்ளி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறார். பாத்திரக் கடை, டிரான்ஸ்பார்மர், டீக்கடை என்று ஒவ்வொரு படத்துக்கும் நின்று நின்று போகிறது நாற்காலி. பஸ் நிற்கிற படம் வந்ததும் கையைத் தூக்கி, வலது கையை மட்டும் தூக்கி, நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க இது கூத்து?" என்றேன்.

"ஒரு சுத்து முடிஞ்சுது. காபி குடு."

அதற்கப்புறம் தினமும் காலையில் குளித்ததும் அந்தச் சுற்று. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, அந்த நேரத்தில் ஹாலைப் பெருக்கக் கூடாது என்று பழகிக்கொண்டேன்.

சென்னையிலிருந்து ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு கேலரிக்காரம்மாவை என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மா ஹாலின் நடுவில் நின்று ஒரு சுற்றுத் திரும்பினார். வாயே திறக்கவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் காபி போடப் போய்விட்டேன். திரும்பி வந்தால், வெளிநாட்டில் ஒரு பெரிய ஓவியச் சந்தை நடக்கிறது, உலகத்தில் இருக்கிற கேலரிகள் எல்லாம் அங்கே ஸ்டால் போடும், எங்கள் ஸ்டாலில் உங்கள் படம் மட்டும்தான் என்கிறார். பெயர் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பெயரெல்லாம் வைக்கவில்லை. கேட்டதற்காக "வலம்" என்றேன்.

அதற்கப்புறம் சில மாதங்கள் என் உயிரை வாங்கிவிட்டார்கள். படத்தைப் பற்றி எழுதி அனுப்புங்கள், வாழ்க்கையைப் பற்றி எழுதி அனுப்புங்கள், உங்கள் ஆன்மிகப் பயணத்தைப் பற்றி நாலு வரி. பயணம் ஷேர் ஆட்டோவில்தான் என்றேன். அது அச்சில் வரவில்லை. போட்டோ எடுக்க ஒருவர் வந்தார். மலை பின்னால் தெரிய வேண்டும் என்று மொட்டை மாடியில் என்னை வெயிலில் நிற்க வைத்தார். எந்தப் பக்கம் நின்றாலும் எதிர் வீட்டுத் தண்ணீர் டேங்க் குறுக்கே வந்தது. டேங்கோடு எடுங்கள், என் படத்தில் எல்லாம் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவர் எடுக்கவில்லை.

கொடுப்பதா வேண்டாமா என்பதை நான் இவரிடம் விட்டேன். படம் என்னுடையது. சுற்று அவருடையது. மறுநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அங்க எத்தினி பேரு வருவாங்க?"

"ஆயிரக்கணக்குல வருவாங்களாம்."

"அத்தினி பேரும் சுத்துவாங்களா?"

"நடுவுல வெச்சு, ஜனங்க சுத்திப் பாக்கிற மாதிரி பண்றாங்களாம்."

"அப்ப குடுத்துடு. நான் ஒருத்தன் நாற்காலியில சுத்துறதுக்கு, அத்தினி பேரு காலால சுத்தட்டும்."

படங்களை எடுத்துப்போக வண்டியை அனுப்பினார்கள், சரியாகப் பௌர்ணமி அன்றைக்கு. ஊருக்குள் சைக்கிள்கூட நுழைய முடியாத நாள் அது. டிரைவர் ஊருக்கு வெளியே நின்றுகொண்டு போனில் என்னிடம் கத்துகிறான், நான் சென்னைக்குப் போன் போட்டுக் கத்துகிறேன். அடுத்த நாள்தான் வந்தார்கள். கட்டி, சுற்றி, மரப்பெட்டியில் இறக்கி எல்லாவற்றையும் கொண்டுபோனார்கள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். அதில் சுற்றுவது நின்றுபோனது. பேச்சும் கம்மியானது. உப்பு கம்மி என்று சொன்னால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

கேலரியில் வேலை செய்கிற பெண் ஒருத்தி, நல்ல பெண்தான், தமிழ் கொஞ்சம் தடுமாறும், அங்கே போய்ச் சேர்ந்ததும் என்னைக் கூப்பிட்டாள். படங்களின் முதுகில் நான் ஒன்று முதல் எட்டு வரை நம்பர் போட்டிருந்தேன். "நம்பர்படி மாட்டிடறோம் மேம். ஜனங்க எந்தப் பக்கமா போகணும்?" என்றாள். "வலமா போகணும்மா, அதான் பேரே" என்றேன். அடுப்பில் பால் இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

சந்தை திறந்த அன்று மத்தியானம் அந்தப் பெண் வீடியோவில் வந்தாள். போனை டம்ளரில் சாய்த்து வைத்து, இவருடைய நாற்காலியையும் அந்தப் பக்கம் திருப்பினேன். அங்கே எல்லோரும் கோட்டு போட்டிருந்தார்கள். ஸ்டாலுக்கு நடுவில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டி கட்டி, அதன் நாலு வெளிப்பக்கத்திலும் என் படங்கள். லைட் போட்டு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் படம் என்றே எனக்குத் தெரியவில்லை. வாங்க, ஒரு சுத்து காட்டறேன் என்று அந்தப் பெண் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். முன்னாலும் பின்னாலும் ஜனங்கள் நடந்தார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர்ப் பெரியவர் மாதிரியே மெதுவாகப் போனார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இவர்தான் சொன்னார்.

"ஏம்மா, இவங்க இடமா சுத்துறாங்க."

நான் போனைப் பார்த்தேன். பெட்டி அவர்களுடைய இடது கைப்பக்கம் இருந்தது.

எங்கள் ஹாலில் நாங்கள் உள்ளே இருந்தோம், படம் எங்களைச் சுற்றி இருந்தது. வலது பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனால் மலையைச் சுற்றுகிற வரிசை வந்தது. அங்கே படம் நடுவில், ஜனம் வெளியே. அதே வரிசையில் மாட்டினால், பார்க்கிறவன் ஒவ்வொரு படமாக வலது பக்கம் நகர்ந்து நகர்ந்து எதிர்த் திசையில் சுற்றிவிடுவான். சந்தேகம் இருக்கிறவர்கள் வீட்டில் அரிசி டின் முன்னால் நின்று, அதைப் பார்த்தபடியே வலது பக்கமாக நகர்ந்து ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கலாம். நான் அன்றைக்குச் சாயங்காலம் போய்ப் பார்த்தேன்.

"வலமா போகணும்னு சொன்னேனேம்மா" என்றேன் போனில்.

"வலம்னா ரைட்தானே மேம்? எல்லாரும் ரைட் சைடுதான் போறாங்க." பாவம், அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"நாம வலப்பக்கம் போறது இல்லம்மா வலம். சாமி நமக்கு வலப்பக்கம் இருக்கணும்."

அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். இவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"செத்தவனைத்தான் இடமா சுத்துவாங்க. நான் இன்னும் சாகலையே."

அழுத மாதிரியும் இல்லை, கோபப்பட்ட மாதிரியும் இல்லை. கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

கேலரிக்காரம்மாவுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். லைட் எல்லாம் படத்துக்குப் படம் அளந்து வைத்தது, பெயர்ச்சீட்டு ஒட்டியாகிவிட்டது, சந்தை நடக்கும்போது படத்தைக் கழற்றவிட மாட்டார்கள் என்றார். "இங்க யாருக்குமே இது தெரியாது மேடம். எல்லாரும் ரொம்ப ரசிக்கிறாங்க. சுத்தி வரும்போது காலம் பின்னால போற மாதிரி இருக்குன்னு ஒருத்தர் சொன்னார்." பின்னால்தான் போகும், வேறு எங்கே போகும். நான் போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்த் துணிகளை எடுத்துக்கொண்டு வந்தேன். இவருக்காக வரையவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேனே, அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அன்று அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். பசித்தது.

மறுநாள் காலையில் குளிக்க வைத்துத் துவட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"சட்டை எடு."

நெஞ்சு வலிக்கிறதோ, ஆஸ்பத்திரிக்குத்தான் கேட்கிறாரோ என்று நினைத்தேன்.

"எங்கங்க?"

"அங்க அவங்க தப்பா சுத்திக்கினு இருக்காங்க. இங்க யாராவது நேரா சுத்தினாதான் சரியா வரும். ஆட்டோவைக் கூப்பிடு."

"ஆட்டோவுலயா?"

"பின்ன, பறந்தா போறது?"

இரண்டு வருஷத்துக்கு மேலாக மடித்தே கிடந்த சட்டை. தோள் தொளதொளவென்று இருந்தது. இடது கையை நுழைக்க நான் பிடித்துக்கொள்ள, வாசற்படியில் அவர் ஒரு நிமிஷம் நின்றார். நான் கைத்தடியை அவர் வலது கையில் கொடுத்தேன். பேசினால் திரும்பிவிடுவார் என்று தெரியும். ஆட்டோக்காரர் எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் இருக்கிறவர், இவரை லாட்ஜ் காலத்திலிருந்தே தெரிந்தவர். அவரும் நானுமாக இரண்டு பக்கம் பிடித்து ஏற்றினோம். அந்த ஆள் த்சொ என்று சொல்லவில்லை. "மெதுவா போவட்டுமா சார், வேகமா போவட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

"நடக்கிறவன் எவனையும் முந்தாத" என்றார் இவர்.

நடக்கிறவர்களை முந்தாமல் ஆட்டோ ஓட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெயில் ஏறிவிட்டது. பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடித்தான். என் முட்டி மடங்கியே இருந்து மரத்துவிட்டது. இவர் வலது பக்கமாக உட்கார்ந்துகொண்டு வெளியே தலையை நீட்டி, இடங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். டிரான்ஸ்பார்மர் வந்தது.

"இது இவ்ளோ பெருசா இல்லையே. நீ பெருசா போட்டுட்ட."

"கிட்ட நின்னு பாத்தா பெருசுதாங்க."

"மலையை மறைக்குது."

"மறைக்குதுதான்."

அடி அண்ணாமலையில் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்தார். உள்ளே இவர் இருப்பதைப் பார்த்துவிட்டு டீயை ஆட்டோவுக்கே கொண்டுவந்தார். எதிரே பூ விற்கிறவள், "த்சொ, எப்படி இருந்த மனுசன்" என்றாள். நான் அவளை முறைத்தேன். இவர் காதில் விழுந்தது. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை ஜாஸ்தி" என்றார்.

வீட்டுக்கு வந்து நான் பாயில் விழுந்தேன். ஒரு நாள் கூத்து, ஆசை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையிலும் சட்டை கேட்டார். அங்கே சந்தை நடக்கிறவரைக்கும் தினமும் தப்பாகச் சுற்றுவார்களாம், அதனால் இங்கேயும் தினமும் போக வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. குளிக்க வைப்பது, சட்டை மாட்டுவது, ஏற்றுவது, இறக்குவது, திரும்பி வந்து சமைப்பது. அந்த வாரம் முழுக்க என் இடுப்பு என்னுடையதாக இல்லை. கேலரிக்காரம்மா தினமும் போனில் போட்டோ அனுப்பினார். என் படங்களுக்கு முன்னால் யார் யாரோ நின்று சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. எப்போதடா இந்தச் சந்தை முடியும் என்று இருந்தது.

முடிந்தது. கடைசி நாள் அந்த அம்மாவே கூப்பிட்டார். எட்டுப் படத்தையும் பிரிக்காமல் ஒரு மியூசியம் எடுத்துக்கொள்கிறது என்றார். இனி அவை இங்கே திரும்பி வராது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நல்லதுங்க" என்றேன். இவரிடம் சொன்னேன். ஆணிகளை ஒரு தடவை பார்த்தார்.

"அங்கயாவது நேரா மாட்டச் சொல்லு" என்றார்.

எழுதி அனுப்பினேன். வலம் என்றால் என்ன என்று இந்தத் தடவை அம்புக்குறியெல்லாம் போட்டு, நடுவில் ஒரு வட்டம் வரைந்து, கை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று விளக்கமாக எழுதினேன். பார்க்கிறோம் என்றார்கள். பார்த்தார்களா தெரியவில்லை.

மறுநாள் காலையில் எனக்கு எழுந்திருக்கவே மனமில்லை. சந்தை முடிந்தது, படம் போனது, ஒரு வேலையும் இல்லை, தூங்கலாம் என்று படுத்திருந்தேன். ஹாலில் ஏதோ சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால், நாற்காலியில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவராகவே போட்டிருக்கிறார். பட்டன் ஒன்று மாறியிருந்தது. இடது கை சரியாக நுழையாமல் தொங்கியது.

"அங்கதான் நேத்தே முடிஞ்சுபோச்சேங்க" என்றேன்.

"அங்க முடிஞ்சா எனக்கு என்னா?" என்றார். "ஆட்டோக்காரனை நான் நேத்தே வரச் சொல்லிட்டேன். உனக்கு முட்டி வலின்னா நீ படு."

தெருமுனையில் ஆட்டோ திரும்புகிற சத்தம் கேட்டது. பட்டனை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டேன். பிறகு என் செருப்பைத் தேடினேன்.